தராசுக்காரர் வீட்டுத் தேர்தல்

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே தராசுக்காரர் தன் கொள்கையை அறிவித்துவிட்டார்.

"இந்தத் தடவை என் ஓட்டை யாரும் ஏமாத்தி வாங்க முடியாது. கூட்டத்துக்குப் போக மாட்டேன். மைக்கு சத்தத்துக்கு மயங்க மாட்டேன். டிவியில வர்ற அரசியல் ஆவணப்படம் ஒண்ணு விடாம உக்காந்து பார்ப்பேன். ரெண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் முடிவு."

அவர் மனைவி நடைவழியில் தையல் மெஷின் முன்னால் குனிந்து, ஊசியின் காதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தாராளமா நிறுத்துங்க. வழியில கால் நீட்டியிருக்கேன், பார்த்துத் தாண்டுங்க."

கடை கடையாகப் போய்த் தராசுகளைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். மளிகைக்கடை, காய்கறிக்கடை, பழைய இரும்புக்கடை எல்லாம் அவருக்கு அத்துப்படி. எடைக்கல்லை வைப்பார், எடுப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்ப்பார். அவர் கை பட்ட தராசு இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது. ஆனால் அவர் சாய்வார். கடைசியாக யார் பேசினார்களோ அந்தப் பக்கம் சாய்வார். இது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

முதலில் சீப்புக் கட்சித் தலைவரைப் பற்றிய படம் வந்தது. தலைவர் சின்ன வயதில் தெருவிளக்கில் படித்தாராம். கிழிந்த சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாராம். ஓடுகிற காலை மட்டும் மெதுவாகக் காட்டினார்கள். பின்னால் வயலின் அழுதது. வயலினோடு சேர்ந்து தராசுக்காரரும் அழுதார்.

"முடிவு பண்ணிட்டேம்மா. இவருக்குத்தான் என் ஓட்டு. பாவம், தெருவிளக்குல படிச்சிருக்கார்."

"நானும்தான் நடை லைட்டுல பொத்தான் தைக்கிறேன். எனக்கு யாரும் வயலின் வாசிக்கலையே" என்றாள் மனைவி.

மறுநாள் பூட்டுக் கட்சிக்காரர்கள் எடுத்த படம். அதில் அதே சீப்புத் தலைவர் கறுப்பு வெள்ளையில் வந்தார். கறுப்பு வெள்ளையில் காட்டினால் பச்சைக் குழந்தைக்குக்கூடத் திருட்டுக் களை வந்துவிடும். ஒரு பெரிய பங்களாவின் கதவைக் காட்டினார்கள். ஒரு கனத்த குரல் கேட்டது: "இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" தராசுக்காரர் சோபாவின் நுனிக்கே வந்துவிட்டார். கதவைத் திறக்காமலேயே படம் முடிந்துவிட்டது. அதனால் உள்ளே எல்லாமே இருக்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் தலைவார மறுத்தார்.

"அந்தச் சீப்பைக் கண்ணால பார்க்க மாட்டேன்."

"இருக்கிறது நாலு முடி. அதுக்கு ஒரு சத்தியாக்கிரகமா?"

அதற்கு அடுத்த நாள் பூட்டுக் கட்சியைக் கிழி கிழி என்று கிழித்து ஒரு படம் வந்தது. மறுநாள் காலையில் அவர் வீட்டைப் பூட்டாமலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார். மனைவி கடைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் வீடு ஆவென்று திறந்து கிடக்கிறது. யாராவது உள்ளே புகுந்திருந்தால்? வாடிக்கையாளர் துணி அத்தனையும் உள்ளே இருக்கிறது. சாயங்காலம் கேட்டால், "பூட்டைத் தொடவே கை கூசுதும்மா" என்கிறார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மனைவிக்குக் குறை வேறு.

அந்த வீட்டில் பகல் வெளிச்சம் வருவது ஒரே ஒரு ஜன்னல் வழியாக. அது முன்னறையில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே தராசுக்காரரின் சோபா. சோபாவுக்கு எதிரே டிவி. டிவியில் வெளிச்சம் பட்டால் படம் தெரியாது என்று ஜன்னலுக்குக் கெட்டித் திரை. ஆக, வந்த வெளிச்சத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். தையல் மெஷின் இருப்பதோ சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடைவழியில். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது ஊசி எங்கே, விரல் எங்கே என்று தெரியாது. இரண்டு தடவை விரலோடு சேர்த்தே தைத்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள், இல்லையென்றால் தையலை விட்டுவிடுங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். தையலை விடுவதாவது! கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவள் கையில் இருக்கிற தொழில் அது.

முன்னறையைக் கேட்டாள். போன வருஷமும் கேட்டாள். அதற்கு முந்தின வருஷமும் கேட்டாள். தராசுக்காரர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. "பரிசீலனையில இருக்கு" என்பார்.

இப்போது தேர்தல் வேறு வந்துவிட்டது. அவள் மெஷினை மிதித்தால் டிவி சத்தம் அவருக்குக் கேட்பதில்லை.

"ஏம்மா, கொஞ்சம் நிறுத்தேன்! நாட்டோட தலைவிதி ஓடிட்டிருக்கு!"

"என் தலைவிதி இங்க நூல் கோர்க்க முடியாம நிக்குது. முன்னறையைக் குடுங்க, நான் ஏன் உங்க காதுகிட்ட மிதிக்கப் போறேன்?"

"அதான் பரிசீலனையில..."

"எந்தக் கட்சி வந்தா பரிசீலனை முடியும்?"

அன்று வந்த படம் ஏதோ ஒரு குட்டி ஊரைப் பற்றியது. அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பாம். குப்பைத்தொட்டி எங்கே வைப்பது என்பதற்குக்கூட ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். படம் முடிந்ததும் தராசுக்காரர் எழுந்து நின்றார். கண்ணில் ஒரு ஒளி. டிவியின் ஒளிதான்.

"ஜனநாயகம் வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும். முன்னறை யாருக்குன்னு இந்த வீட்டு ஜனங்க முடிவு பண்ணட்டும். ரகசிய ஓட்டெடுப்பு. ஜெயிச்சவங்களுக்கு முன்னறை. தோத்தவங்க அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடு. மனதுக்குள் அவர் ஏற்கெனவே எண்ணி முடித்துவிட்டார். வீட்டில் ஓட்டு நாலு. தன் ஓட்டு தனக்கு. மாடியறையில் தங்கியிருக்கும் தம்பி, ரொட்டி அடுமனையில் வேலை செய்பவன், கூடப் பிறந்த ரத்தம். மகள் சின்ன வயதிலிருந்தே அப்பா செல்லம். மிச்சம் ஒரே ஒரு ஓட்டு. அது மனைவியுடையது. மூன்றுக்கு ஒன்று. பரிசீலனைக்கே இனி வேலை இல்லை.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரிங்க" என்றாள்.

உடனே சம்மதித்ததில் தராசுக்காரருக்குச் சின்ன ஏமாற்றம்தான். கொஞ்சம் போராடுவாள் என்று நினைத்திருந்தார்.

தேர்தல் அதிகாரியாக எதிர்வீட்டு நர்சம்மா வந்தாள். ஊசி போட்டாலும் சரி, ஊறுகாய் கடன் கேட்டாலும் சரி, முகத்தில் ஒரே பாவம்தான். வந்தவுடன் சட்டம் போட்டாள்.

"ஆளுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்புப் பொத்தான். வெள்ளை அக்காவுக்கு. கறுப்பு சாருக்கு. ஒவ்வொருத்தரா சமையலறைக்குப் போய், வேண்டியதைக் குக்கர்ல போடணும். வேண்டாததை அரிசி டப்பா பக்கத்துல இருக்கிற ஜாடியில போடணும். ரெண்டையும் குக்கர்ல போட்டா செல்லாது."

"எனக்கு ஏன் சிஸ்டர் கறுப்பு?"

"சின்னம் ஒதுக்கியாச்சு, சார்."

"பிரசாரம்?"

"முந்தின நாள் சாயங்காலம் ஆளுக்கு ஒரு படம் காட்டலாம். அதோட வாயை மூடிக்கணும்."

படம் என்ற சொல்லைக் கேட்டதும் தராசுக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இத்தனை நாள் சும்மாவா பார்த்தார்? அந்த வித்தை எல்லாம் அவருக்கு இப்போது கைவந்த கலை. வேலைக்குப் போன இடத்தில் மளிகைக்கடைக்காரரிடம் சொன்னார்: "என்னை இனிமே எந்தப் படமும் அசைக்க முடியாதுங்க. வயலின் வந்தா பொய் வருதுன்னு அர்த்தம். கறுப்பு வெள்ளை வந்தா வயித்தெரிச்சல்னு அர்த்தம். என் வீட்டுக்காரி என்னைக் கிழிச்சுத்தான் படம் எடுப்பா. எடுக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் பதில் வெச்சிருக்கேன்."

"அப்படியா?" என்றார் மளிகைக்கடைக்காரர். அவர் முகம் ஒரு மாதிரி இருந்ததைத் தராசுக்காரர் கவனிக்கவில்லை. எண் நிலைக்கிறதா என்று தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் காட்டும் நாள் வந்தது. முன்னறையில் எல்லாரும் கூடினார்கள். முதலில் தராசுக்காரர் படம்.

அதைத் தம்பி செல்போனில் எடுத்திருந்தான். பாதிப் படத்தில் அவன் கட்டைவிரல்தான் தெரிந்தது. மிச்சப் பாதியில் நடைவழியின் தரை தெரிந்தது, கறுப்பு வெள்ளையில். தரையில் நூல் துணுக்குகள். வயலின் அழுதது. தராசுக்காரரின் கனத்த குரல்: "இந்த நூல்கள் எங்கிருந்து வருகின்றன? யாருடைய காலில் சுற்றிக்கொள்ளப் போகின்றன?" அடுத்து ஒரு குண்டூசி, மிகப் பெரிதாக. "நாளை இது உங்கள் சோபாவில் இருக்கலாம். உட்காருமுன் சிந்திப்பீர்!" கடைசியில் வண்ணத்தில் தராசுக்காரர் ஜன்னல் பக்கத்தில் நின்று, திரைக்கம்பியை மாட்டியது தான்தான் என்று சுட்டிக்காட்டினார். படம் முடிந்தது.

நர்சம்மா ஒருமுறை இருமினாள்.

"நல்லாயிருக்குண்ணா" என்றான் தம்பி. "விரலை மட்டும் கொஞ்சம்..."

"அடுத்தது அக்கா" என்றாள் நர்சம்மா.

தராசுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற கடையில் வேலை செய்கிறாள். விவரமாக எடுத்திருப்பாள். வரட்டும். சரி பண்ணாத குழாய், மறந்த பிறந்தநாள், பரிசீலனை, எல்லாம் வரட்டும். பதில் நாக்கு நுனியில் இருந்தது.

வயலின் வரவில்லை. எந்தச் சங்கீதமும் வரவில்லை. கறுப்பு வெள்ளையும் இல்லை. திரையில் அவரே வந்தார். காய்கறிக்கடையில் தரையில் மண்டியிட்டு, தராசின் அடித்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ தூரத்திலிருந்து எடுத்தது. தன் முதுகு இவ்வளவு வளைந்துவிட்டது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு மளிகைக்கடைக்காரர் பேசினார். "எண்ணைக் கொஞ்சம் எனக்குச் சாதகமா வெச்சுக் குடுங்கன்னு நானே ஒரு தடவை கேட்டிருக்கேன். தராசை அப்படியே கீழ வெச்சுட்டு எழுந்து போயிட்டார். அப்படி ஒரு ஆளு."

பிறகு தம்பி. "அண்ணன் எனக்கு மாடியறையைக் குடுத்தப்போ, அது அவர் சாமான் வெச்சிருந்த ரூம். கேக்கவே இல்லை நான். அவராத்தான் காலி பண்ணிக் குடுத்தார்."

பிறகு மனைவி. நடைவழியில், மெஷின் முன்னால், மங்கல் வெளிச்சத்தில். "இவரைப் பத்தி என்ன சொல்றது? கையில இருக்கிறதை எடுத்துக் குடுக்கிற மனுஷன். தனக்குன்னு எதையும் வெச்சுக்கத் தெரியாது. இவரை எதிர்த்து நிக்கிறதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு."

கடைசியில் சோபாவில் அவர் அசந்து தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மகளின் கை வந்து போர்வையைப் போர்த்துகிறது. அவ்வளவுதான்.

தராசுக்காரர் நாக்கு நுனியில் இருந்த பதில்களை எல்லாம் விழுங்கினார். இப்படி ஒரு நல்ல மனிதரை அவர் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஏதாவது பதில் சொல்லணுமா?" என்று கேட்டாள் மனைவி.

"இதுக்கு... இதுக்கு என்ன பதில் இருக்கு?"

"படத்தைப் பார்த்ததும் எனக்கே உங்களுக்குத்தான் போடணும்னு தோணுது" என்றாள்.

"வாயை மூடிக்கணும்னு சொன்னேன்" என்றாள் நர்சம்மா.

சாப்பிட்டுக் கை கழுவும்போதும் தராசுக்காரருக்கு அந்த மனிதரின் நினைப்பாகவே இருந்தது. தட்டைத் தானே கழுவி வைத்தார். அந்த மனிதர் அப்படித்தான் செய்வார்.

காலையில் ஓட்டுப்பதிவு. குக்கரைக் கவிழ்த்துக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று நிரூபித்து, நர்சம்மா அதை அடுப்பு மேடைமேல் வைத்தாள். முதலில் தம்பி போனான். டங் என்று ஒரு சத்தம். பிறகு மகள். டங். பிறகு மனைவி. அவள் மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். டங்.

கடைசியில் தராசுக்காரர். உள்ளங்கையில் இரண்டு பொத்தான்கள். யோசித்தார். தம்பி ஓட்டு நமக்கு. மகள் ஓட்டு நமக்கு. அவளே நமக்குத்தான் போடப் போவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அப்படியானால் நாலுக்குப் பூஜ்யம். வீடு முழுக்கச் சேர்ந்து அவளை ஒதுக்கின மாதிரி ஆகிவிடாதா? மனசு உடைந்துபோவாள். நர்சம்மா முன்னால் அழுதுவிட்டால்? பாவம், இத்தனை வருஷம் சமைத்துப் போட்டவள். ஒன்றே ஒன்று விழட்டும். யார் போட்டது என்று தெரியவா போகிறது? எப்படியும் மூன்றுக்கு ஒன்று. கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிற மனிதர் வேறு என்ன செய்வார்?

வெள்ளைப் பொத்தானைக் குக்கரில் போட்டார். டங். நெஞ்சு நிறைந்து வெளியே வந்தார். வந்த வேகத்தில், "யாரும் வருத்தப்படக் கூடாது. தேர்தல்னா வெற்றி தோல்வி சகஜம்" என்று மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நர்சம்மா குக்கரைத் தட்டில் கவிழ்த்தாள்.

"வெள்ளை. வெள்ளை. கறுப்பு. வெள்ளை. அக்கா ஜெயிச்சாச்சு. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

தராசுக்காரர் தட்டையே பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை.

"மறுபடி எண்ணுங்க சிஸ்டர்!"

"நாலு பொத்தானை எத்தனை தடவை சார் எண்ணுறது?"

"கள்ள ஓட்டு! ஏதோ தப்பு நடந்திருக்கு!"

"எது கள்ள ஓட்டு? காட்டுங்க, ரத்து பண்றேன்."

எதைக் காட்டுவார்? மூன்று வெள்ளையில் ஒன்று அவருடையது. நர்சம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சட்டம் சட்டம்தான். சோபாவைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் தராசுக்காரர், ஒரு பக்கம் தம்பி. நடைவழியில் அது நுழைய மறுத்தது. செங்குத்தாக நிமிர்த்தி, சாய்த்து, தராசுக்காரரைச் சுவரோடு அழுத்தி ஒருவழியாக நுழைந்தது.

சோபாவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து தராசுக்காரர் தழுதழுத்தார். "தம்பி, நீயாவது என்னை விட்டுக்குடுக்கலைடா. அந்த ஒரு ஓட்டு இருக்கு பாரு, அது எனக்கு நூறு ஓட்டு."

தம்பி சோபாவின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணா... நான் அண்ணிக்குத்தான் போட்டேன்."

"என்னது?"

"படத்துல வந்தீங்களே, அந்த அண்ணன் ரூமை விட்டுக்குடுக்கத்தான் ஆசைப்படுவார்னு தோணுச்சு. உங்க மனசுப்படிதான் போட்டேன்."

தராசுக்காரர் மெல்ல வெளியே வந்து மகளைப் பார்த்தார். "அப்போ நீதானாம்மா? அப்பா செல்லம்!"

மகள் டிவி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்தப் படத்தை எடிட் பண்ணினதே நான். எதை எல்லாம் வெட்டினேன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் வயரோடு நடைவழிக்குப் போய்விட்டாள். தராசுக்காரர் முன்னறையின் நடுவில் நின்றார். சோபா போன இடம் வெறிச்சென்று இருந்தது. மனைவி கெட்டித் திரையைக் கழற்றிக் கூடையில் போட்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக உள்ளே வந்து தரையில் கிடந்தது. மெஷினை அதன் நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் துணி, கறுப்பு நூல். நூலை நாக்கில் தொட்டு நீட்டினாள். ஒரே தடவையில் கோர்த்துவிட்டாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஊசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அறை இவ்வளவு பெரியதா என்றுகூடத் தோன்றியது.

தோற்றவர்கள் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதற்காக ஒரு கணக்கு இடிக்கும்போது சும்மா இருக்க முடியுமா? குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, தம்பியும் எனக்குப் போடலை. பொண்ணும் எனக்குப் போடலை. அப்போ எனக்கு ஒண்ணு விழுந்துச்சே, அது யாரு?"

"நான்தான்."

"நீயா? நீ ஏன் எனக்குப் போட்டே?"

மனைவி மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்.

"அந்தப் படத்தைப் பார்த்தப்புறம் நீங்க உங்களுக்குப் போட்டுக்க மாட்டீங்கன்னு தெரியும். பாவம், ஒண்ணாவது விழட்டுமேன்னு நான் போட்டேன்."